பாப்-அப் தொல்லை: எங்கே முளைக்கிறது என்று முதலில் பாருங்கள்

போன வருடம் எங்கள் அத்தை வீட்டுக் கணினியில், திரையின் வலது கீழ் மூலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பெட்டி வந்துகொண்டே இருந்தது. 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்', 'உங்கள் பாதுகாப்பு இன்றோடு முடிகிறது' என்று விதவிதமாக. பயந்துபோன மாமா சிபியுவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே எல்லா டிரைவையும் சேர்த்து பார்மட் செய்து கொடுத்துவிட்டார்கள். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் போயின. மூன்றாம் நாள் அதே பெட்டி அதே மூலையில் திரும்ப வந்தது. நான் போய்ப் பார்த்தபோது அதை நிறுத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் படங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பாப்-அப் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதெல்லாம் ஒரே நோய் அல்ல. எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே அடுத்த முறை அது வரும்போது உடனே மூடாமல், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எந்த இடம், அப்போது பிரவுசர் திறந்திருந்ததா, வீட்டில் வேறு போனிலோ டிவியிலோ இதே மாதிரி வருகிறதா, தொல்லை எந்தத் தேதியில் ஆரம்பித்தது, இந்த நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'பாப்-அப் ரிமூவர்' என்று தேடி, மேலே முதலில் கிடைக்கும் மென்பொருளை இறக்கி நிறுவாதீர்கள். அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் விளம்பரம். இருக்கிற தொல்லையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு. பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் பெயர் கொஞ்சம் மாறலாம். செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் கிடைத்துவிடும்.

திரை முழுக்க எச்சரிக்கை, அலறல் சத்தம், ஒரு போன் நம்பர்

இதை முதலில் வைத்ததற்குக் காரணம், நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அது உங்கள் கணினியில் கத்திக்கொண்டிருக்கலாம் என்பதுதான். முதலில் ஸ்பீக்கரை அணையுங்கள். சத்தம் நின்றாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

'விண்டோஸ் டிபெண்டர் எச்சரிக்கை', 'கணினி முடக்கப்பட்டது', 'அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு குரல் பேசும். மவுஸ் அம்பு கண்ணில் படாது. உண்மையில் அது ஓர் இணையப் பக்கம், அவ்வளவுதான். முழுத்திரையாக விரிந்து, கீழே உள்ள டாஸ்க்பாரை மறைத்துக்கொண்டு, விண்டோஸ் மாதிரி வேடம் போட்டிருக்கிறது. மைக்ரோசாப்ட் காட்டும் பிழைச் செய்தி எதிலும் போன் நம்பர் இருக்காது. இதை அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம்பர் இருந்தால் மோசடி. வேறு சோதனையே வேண்டாம்.

எஸ்கேப் பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை சுருங்கும். அப்புறம் ஆல்ட் பொத்தானோடு எஃப்4 சேர்த்து அழுத்தினால் பிரவுசர் மூடிக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இந்த மூன்றை எந்த இணையப் பக்கத்தாலும் தடுக்க முடியாது, அவை நேராக விண்டோஸுக்குத்தான் போகும். வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, குரோமோ எட்ஜோ எது ஓடுகிறதோ அதைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.

திரும்ப பிரவுசரைத் திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். கேட்காமலே அந்தப் பக்கம் வந்து நின்றால், வைஃபையை நிறுத்திவிட்டு பிரவுசரைத் திறந்து, அந்த டேபை மூடுங்கள். இணையம் இல்லாமல் அது ஏற முடியாது.

இதுவரை யாரும் அந்த எண்ணை அழைக்கவில்லை என்றால் பெரும்பாலும் கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவிக் கணினியை அவர்கள் கையில் கொடுத்திருந்தால் கதை வேறு. உடனே இணையத்தைத் துண்டியுங்கள். அந்த மென்பொருளை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். சீக்கிரம் அழைத்தால்தான் பணம் கைமாறும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் ஏமாந்திருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை சொல்லவே மாட்டார்.

வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டி, பிரவுசர் மூடியிருந்தாலும் வருகிறது

அத்தை வீட்டில் வந்தது இதுதான். நான் பார்த்த வீடுகளில் அதிகம் வருவதும் இதுவே. இதில் வைரஸ் ஏதும் இல்லை. ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்டிருக்கும், நாம் 'அலவ்' அழுத்தியிருப்போம்.

ஏன் இந்த வழி என்றால், பழைய பாணிப் பாப்-அப் ஜன்னல்களை பிரவுசர்களே தடுக்க ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது. 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 வந்தபோது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே பாப்-அப் தடுப்பான் வந்துவிட்டது. அந்தக் கதவு அடைபட்டது. 2015-இல் குரோமில் தளங்கள் நேராக அறிவிப்பு அனுப்பும் வசதி வந்தது. செய்தித் தளங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் நல்ல வசதிதான். விளம்பர மோசடிக்காரர்களுக்கு அது புதுக் கதவாகிவிட்டது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்', 'வீடியோ பார்க்க அலவ் அழுத்துங்கள்' என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். உண்மையான ரோபோ சோதனை எதுவும் அறிவிப்பு அனுமதி கேட்காது.

பெட்டியை நிதானமாகப் பாருங்கள். அதில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், பக்கத்தில் ஒரு தளத்தின் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குரோமில் மேலே வலது ஓரத்து மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போங்கள். 'அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றவை' என்ற பட்டியல் அங்கே இருக்கும். அத்தை கணினியில் அதில் பதினான்கு பெயர். பாதி வாசிக்கவே முடியாத எழுத்துக் கோவைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் பட்டியலிலிருந்து போகும், ஆனால் அடுத்த முறை அந்தத் தளம் திரும்பக் கேட்கலாம். பிளாக் கொடுத்தால் கேட்கவே முடியாது. கடையிலிருந்து வந்த மூன்றாம் நாளே தொல்லை திரும்பியதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. பார்மட் செய்ததில் பழைய அனுமதி அழிந்தது உண்மை. அத்தை வழக்கமாகப் பார்க்கும் ராசிபலன் தளத்துக்குப் போனார், அது கேட்டது, திரும்ப அலவ் அழுத்திவிட்டார்.

அதே பக்கத்தில் மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுமதியே கேட்கக் கூடாது என்று வைத்துவிடலாம். பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியில் நான் எப்போதும் அப்படித்தான் வைத்துவிட்டு வருகிறேன். இதுவரை ஒருவரும் ஏதோ குறைகிறது என்று சொன்னதில்லை.

எட்ஜிலும் செட்டிங்ஸுக்குள் சைட் பெர்மிஷன்ஸ் என்ற பகுதியில் இதே பட்டியல் உண்டு. பயர்பாக்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பெர்மிஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் நோட்டிபிகேஷன்ஸ் இருக்கிறது. வீட்டில் எத்தனை பிரவுசர் இருக்கிறதோ அத்தனையிலும் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் இருந்தால் அதிலும் பார்க்க வேண்டும்.

பிரவுசரை மூடிய பிறகும் எப்படி வருகிறது என்று கேட்பார்கள். ஜன்னலை மூடினாலும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில், மூடிய பின்னும் பின்னணியில் ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். எட்ஜில் அதோடு 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதையும் அணைக்கலாம்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் புது டேப் திறக்கிறது, தேடல் வேறெங்கோ போகிறது

செய்தி வாசிக்கப் போனாலும் விளம்பர டேப், மின்கட்டணம் கட்டப் போனாலும் விளம்பர டேப். முகப்புப் பக்கம் தானாக மாறியிருக்கும். கூகுளில் தேடினால் கேள்விப்படாத ஒரு தேடுபொறி வந்து நிற்கும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல் இருக்கும்.

மூன்று புள்ளியில் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலைத் திறந்து, முதலில் எல்லாவற்றையும் அணையுங்கள். தொல்லை நின்றால் குற்றவாளி அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்த இடத்தில் திரும்ப ஆரம்பிக்கிறதோ அதை நீக்கிவிடலாம். கூப்பன் தருவது, பிடிஎஃப் மாற்றுவது, வீடியோ இறக்குவது என்ற பெயரில் இருப்பவற்றை நான் முதலில் சந்தேகிப்பேன்.

'இதை நான் ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன், இது நல்லது' என்று சொல்ல முடியாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்த நல்ல கருவி. 2020-இல் அது வேறு கைக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுளே அதை நீக்கியது. பயன்படுத்துபவருக்கு எந்தச் சத்தமும் கேட்காமல் உரிமையாளர் மாறிவிடுகிறார். எனவே வேலைக்கு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுவதே நல்லது.

நீக்கினாலும் மறுநாள் திரும்ப வருகிறதா? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சின்க், அதாவது ஒரே கணக்கில் உள்ள கணினிகளின் பிரவுசர்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் வசதி. ஒரே கூகுள் கணக்கை அலுவலக மடிக்கணினியிலும் வைத்திருந்தால், அங்கே இருக்கும் எக்ஸ்டென்ஷன் இங்கேயும் வந்து இறங்கும். சின்கை நிறுத்திவிட்டு, இரண்டு கணினியிலும் நீக்கிய பிறகே திரும்பப் போடுங்கள். இரண்டாவது, நீக்கும் பொத்தானே வேலை செய்யாது. மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் அது இயல்பு, தொடாதீர்கள். சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியை வரவைக்கும். இரண்டும் இல்லாத வீட்டுக் கணினியில் அந்த வரி இருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனங்கள் கட்டுப்பாடு வைப்பதற்காக குரோமில் உள்ள 'பாலிசி' அமைப்புக்குள் புகுந்து எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் அங்கே போக வேண்டாம். அடுத்த பகுதியில் சொல்லும் அட்வ்கிளீனர் கருவி பெரும்பாலும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு சின்ன இடத்தைப் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறவுங்கள். 'டார்கெட்' என்ற வரி, chrome.exe என்ற குரோம் நிரலின் பெயரோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தளம்தான் முதலில் வரும். அந்த ஒட்டை அழித்துச் சேமித்தால் போதும்.

யாரும் தொடாமலே பிரவுசர் தானாகத் திறக்கிறது

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சூதாட்ட விளம்பரம் ஒன்று திறந்து நிற்கிறது. இங்கே விண்டோஸுக்குள்ளேயே ஏதோ நிறுவப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று தாளில் குறித்திருப்பீர்கள் அல்லவா, அந்தத் தேதிக்கு அருகில் என்ன வந்தது என்று பாருங்கள். இலவச மென்பொருள் ஒன்றை நிறுவும்போது 'ரெகமெண்டட்' என்று கொடுத்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் தட்டிக்கொண்டே போனால், கூடவே இரண்டு மூன்று வந்து உட்கார்ந்துவிடும். ஒரே நாளில் வந்த கும்பலைச் சேர்த்தே நீக்குங்கள்.

அடுத்து மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனர். விளம்பர மென்பொருளைத் தேடுவதற்கென்றே உள்ள இலவசக் கருவி. நிறுவ வேண்டியதில்லை, இறக்கி நேராக ஓட்டலாம். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முன்பு குரோமுக்குள்ளேயே ஒரு துப்புரவுக் கருவி இருந்தது. 2023-இல் கூகுள் அதை எடுத்துவிட்டது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அதைத் தேடி அலையாதீர்கள்.

அதன் பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்கள் அப்போது ஒளிய முடியாது. திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள். அதே விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' பகுதியில், வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் வசதி அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாக ஒரு மணிக்கு ஒருமுறை, அல்லது கணினி போட்டதும் திறக்கிறது என்றால், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டித் திறந்து, இடது பக்கத்தில் லைப்ரரியை அழுத்துங்கள். ஒவ்வொரு வேலையிலும் 'ஆக்ஷன்ஸ்' என்ற இடத்தில் எந்த நிரலை எந்த முகவரியோடு ஓட்டுகிறது என்று இருக்கும். பிரவுசரையும் அதன் பின்னால் ஓர் இணைய முகவரியையும் பார்த்தால் அதுவேதான். உடனே அழிக்காமல் 'டிசேபிள்' மட்டும் கொடுத்து ஒரு நாள் பாருங்கள். தவறாக வேறொன்றைத் தொட்டிருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கறுப்புப் பெட்டி ஒரு நொடி மின்னி மறைந்தால் உடனே பயப்பட வேண்டாம். 2017-இல் மைக்ரோசாப்ட் ஆபீஸின் ஒரு பின்னணி வேலையே அப்படி மின்னிப் பலரைக் கலங்கடித்தது. ஷெட்யூலரில் அதே நேரத்தில் ஓடிய வேலை எது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

காசு கொடுக்காத விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கருவி போட்ட கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவிகளோடு என்ன வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட கணினியில் நெட் பேங்கிங் செய்யாதீர்கள்.

ஒரே ஒரு தளத்தில் மட்டும்

கணினியில் கோளாறு இல்லை, அந்தத் தளம் அப்படி. போகாமல் இருக்கலாம், அல்லது விளம்பரத் தடுப்பான் போடலாம். பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே 2022 டிசம்பரில், தேடல் விளம்பரங்கள் வழியாக நடக்கும் மோசடியைத் தவிர்க்க விளம்பரத் தடுப்பான் பயன்படுத்தும்படி மக்களுக்குச் சொன்னது.

வீட்டில் போன், டிவி, கணினி எல்லாவற்றிலும்

போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே பக்கத்துக்குப் போங்கள். டேட்டாவில் வரவில்லை, வைஃபையில் மட்டும் வருகிறது என்றால் கோளாறு வைஃபை தரும் பெட்டியான ரூட்டரில். தளத்தின் பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் என்ற விலாசப் புத்தகத்தை யாரோ மாற்றி வைத்திருக்கலாம். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரல் இதையேதான் செய்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது, சுமார் 100 நாடுகளில் 40 லட்சம் கணினிகள் தவறான விலாசப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் ரூட்டரின் பக்கம் வரும். சரியான எண் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். டிஎன்எஸ் பகுதியில் நீங்கள் வைக்காத எண்கள் இருந்தால், தானாகப் பெறும்படி மாற்றுங்கள், அல்லது கூகுள், கிளவுட்ஃபிளேர் நிறுவனங்களின் பொது டிஎன்எஸ் எண்களான 8.8.8.8, 1.1.1.1 என்று கொடுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால் இந்த வேலை அத்தனையும் வீண். 'அட்மின், அட்மின்' என்றே இருக்கும் வீடுகள் ஏராளம்.

ரூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, ஊசியால் அதன் ரீசெட் துளையை அழுத்துவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பைபர் இணைப்புகளில் அந்தப் பெட்டிக்குள் இணைப்புக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அது உங்களிடம் எழுதி இல்லாமல் ரீசெட் செய்தால் ஆள் வரும்வரை வீட்டில் இணையம் இருக்காது.

விண்டோஸும் ஆன்டிவைரஸுமே காட்டுவது

புதுக் கணினியோடு வந்த ஆன்டிவைரஸின் சோதனைக் காலம் முடிந்ததும் 'புதுப்பி, புதுப்பி' என்று நச்சரிக்கும். பணம் கட்ட விருப்பமில்லை என்றால் நீக்கிவிடலாம். விண்டோஸின் டிபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். விண்டோஸின் ஆலோசனைப் பெட்டிகளை செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் உள்ள பெட்டிகளில் டிக் எடுத்து நிறுத்தலாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஆதரவு முடிந்தது என்று வரும் செய்தி மட்டும் மோசடி என்று ஒதுக்கக் கூடியதல்ல. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அது உண்மையிலேயே முடிந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஒரு நம்பரை அழைக்கச் சொன்னால், மேலே முதலில் எழுதியதைப் பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

செட்டிங்ஸில் ரிகவரி பக்கத்தில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தால் உங்கள் படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போகும். அப்படியிருந்தும், தொடங்கும் முன் படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள். கடைக்கே கொடுப்பதாக இருந்தாலும், பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க்கை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு சிபியுவை மட்டும் கொண்டு போங்கள்.